இருபது கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் ஊர்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர். நடுவே ஐம்பது கிலோமீட்டர்ச் சாலை. சேலம் வண்டி சூளகிரியைத் தாண்டி மேலுமலை இறக்கத்துக்கு வரும்போது ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். அதுவரை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்த ஓசூர்க் குளிர் அங்கேயே நின்றுவிடுகிறது. இருபுறமும் மொட்டைப் பாறைக் குன்றுகள், இடையிடையே மாந்தோப்பு, தோப்புக்கு அப்பால் பாதி வெட்டுப்பட்ட இன்னொரு குன்று. இந்த வழியில் தினமும் போய்வருகிறவர்கள் தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாறையியல் படித்தவர்களுக்கு மட்டும் இதே சாலையில் இன்னோர் இறக்கம் தெரியும். அதை மீட்டரில் அளந்தால் கட்டுப்படியாகாது.

தென்னிந்தியாவின் நில மேலோடு ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்ந்திருக்கிறது. வடக்கே சித்ரதுர்காவை ஒட்டிய பகுதிகளில் மேலோட்டின் மேல்பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது. தெற்கே வர வர அது தேய்ந்துபோய், ஒரு காலத்தில் ஆழத்தில் கிடந்த பாறை வெளியே தலைகாட்டுகிறது. பாறைக்குள் இருக்கும் கனிமங்களைச் சோதித்தால் அது எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு சூட்டில் வெந்தது என்று கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கணக்கிட்டவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகள் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் ஆழத்தில் பக்குவப்பட்டவை என்கிறார்கள். சேலத்துப் பாறைக்கு ஆழம் இன்னும் அதிகம். ஓசூரில் டிக்கெட் எடுத்து, கிருஷ்ணகிரியைத் தாண்டிக் காவேரிப்பட்டினத்தில் இறங்குகிறவர் தமக்குத் தெரியாமலேயே பூமிக்குள் நெடுந்தூரம் இறங்கிவிடுகிறார். மேலோட்டை இப்படி வெட்டுமுகமாகப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. மைசூரிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து இந்தச் சாலையோரங்களில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

அவர்களுக்கெல்லாம் முன்னோடி சி. எஸ். பிச்சமுத்து. மைசூர்ச் சமஸ்தானத்தின் நிலவியலாளர். ஓசூருக்கு மேற்கே, கனகபுரா பக்கத்துக் கப்பால் என்ற ஊரில், சாம்பல் நிறப் பாறைக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகள் பரவியிருப்பதைக் கண்டார். ஒரு பாறை இன்னொரு பாறையாக மாறிக்கொண்டிருந்த வேளையில் அப்படியே உறைந்துபோன இடம் அது என்று 1960-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்தக் கரும்பச்சைப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-இல் வைத்தார். கல்லறை கல்கத்தாவில், கல்லோ நம் பல்லாவரத்துப் பக்கத்துச் சரக்கு. தமிழ்நாட்டுக் கல் வெளியூர்க்காரர்களின் சமாதிக்குப் போவது நேற்றுத் தொடங்கியதில்லை.

உள்ளூர்ச் சமாதிகளும் இங்கே உண்டு. இதே மாவட்டத்தின் மல்லசந்திரத்தில் குன்றின் மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. தகடாக உரிந்துவரும் பாறையைப் பெயர்த்து, நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். டயமண்ட் கம்பியும் கம்ப்ரசரும் இல்லாத காலத்தில், கல் எந்தத் திசையில் சுலபமாகப் பிளக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் 2021-இல் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 2172 என்று வந்தது. தமிழ்நாட்டில் இரும்புக்கு 4,200 ஆண்டு வயது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் சிவகளை அகழாய்வு முடிவுகள் வந்து அந்தக் கணக்கை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. மயிலாடும்பாறைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இரும்பைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குன்றுகளின் நிழலில் குடியிருந்தார்கள் என்பது அப்படியேதான் இருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், ஜெகதேவி பக்கம் போனால் சாலை நெடுக கிரானைட் பட்டறைகள். வாசலில் சாய்த்து வைத்த ஸ்லாப்புகள், வெள்ளைச் சேறு ஓடும் வாய்க்கால், உள்ளே இடைவிடாத இரைச்சல். இந்த வட்டாரத்தின் பேர்போன சரக்கு ‘பாரடைசோ’. பெயர் இத்தாலியம், பிறந்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டம். ஊதாவும் சாம்பலும் இளஞ்சிவப்பும் அலையலையாகச் சுழித்து ஓடும் கல். வியாபாரத்தில் கிரானைட் என்றாலும் நிலவியலில் இதற்கு மிக்மடைட் என்று பெயர். ஆழத்துச் சூட்டில் பாதி உருகி, பாதி உருகாமல், கிண்டும்போது அடுப்பை அணைத்துவிட்ட வெல்லப்பாகைப் போல நின்றுவிட்ட பாறை. உருகிய பங்கு வெளிர்நிறக் கோடாகவும் உருகாத பங்கு கருத்த கோடாகவும் படிந்திருக்கிறது. இது நடந்தது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன். எந்த நாட்டுச் சமையலறை மேடைக்கு எந்த வளைவு பொருந்தும் என்று வாங்க வருகிறவர் தேடுகிறார். வயதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

குவாரிக்குள் போக அனுமதி வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. தெரிந்தவர் ஒருவரின் தயவில் ஒரு குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். மலையைப் படிப்படியாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு படியும் இரண்டாள் மூன்றாள் உயரம். மேலே இருந்து செங்குத்தாக ஒரு துளை, பக்கவாட்டில் இருந்து ஒரு துளை. இரண்டும் பாறைக்குள் எங்கோ சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் அன்றைய கூலி தண்டம். சந்தித்ததும் ஒரு கம்பியை உள்ளே கோத்து வளையமாக்குகிறார்கள். கம்பியில் மணிமணியாகச் செயற்கை வைரத் துகள் பதித்த வளையங்கள். இதுதான் ஒயர் சா. மோட்டார் கம்பியைச் சுழற்றுகிறது, வண்டி தண்டவாளத்தில் மெல்லப் பின்னால் நகர்கிறது, வெட்டுவாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கம்பி அறுந்தால் மணிகள் தோட்டாவாகத் தெறிக்கும் என்பதால் அதற்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. என்னையும் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார்கள்.

அறுந்த பெருந்துண்டைப் பொக்லைன் தள்ளும். விழுகிற இடத்தில் மண்ணும் சில்லும் கொட்டி முன்கூட்டியே மெத்தை போட்டிருப்பார்கள், கல் உடையாமலிருக்க. பிறகுதான் கைவேலை. விழுந்த துண்டின் முதுகில் கோடு கிழித்து, ஜாக்ஹாமரால் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரும்பு ஆப்பு இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போகிறார்கள். மறுபடி முதலிலிருந்து. சம்மட்டி படும் ஓசை ஒவ்வொரு சுற்றுக்கும் மாறுகிறது. ஓசை மாறிய ஏதோ ஒரு சுற்றில் ‘கிர்ர்’ என்று நெடுக ஒரு கோடு ஓடுகிறது. அவ்வளவுதான், கல் இரண்டு. தலைமுறைகளாகக் கல்வேலை செய்துவந்த போயர் சமூகத்தவர் இந்தப் பக்கம் நிறைய. இப்போது ஒடிசா, பிகார் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். குழிக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் ஓடுகின்றன. திட்டுவதற்கு மட்டும் எல்லோரும் தெலுங்கையே நம்புகிறார்கள்.

பிளாக்கை விலைபேசும் காட்சிதான் எனக்குப் பிடித்தது. வாங்க வந்தவர் பிளாக்கைச் சுற்றி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பையனை அழைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நனைந்ததும் மெருகு போட்டதுபோல் நிறம் எழுந்து வந்தது. குவாரி மேஸ்திரி உடனே விலையைத் தொடங்கினார்.

“தண்ணி காயட்டும் அண்ணா, அப்புறம் பேசலாம்” என்றார் வந்தவர்.

வெயிலில் கல் காய்ந்தது. எல்லாப் பக்கமும் வெளுத்தபின் ஒரு மூலையில் மட்டும் மயிரிழை போலக் கருப்புக் கோடு ஒன்று ஈரமாகவே நின்றது. விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போன தண்ணீர் கடைசியில்தான் காயும். வந்தவர் சாக்பீஸால் அங்கே ஒரு கோடு இழுத்து, அந்தப் பக்கத்தை அளவிலிருந்து கழித்தார். ஒரு கன மீட்டர் கல் ஏறக்குறைய 2.7 டன் எடை. ஒரு மயிரிழைக்காக டன் கணக்கில் கழிவு.

கழிவுதான் இந்தத் தொழிலின் பெரிய உற்பத்தி. வெட்டுகிற பாறையில் விற்பனைக்குத் தேறுவது சிறுபங்கு. மீதி நிறம் கலைந்தது, விரிசல் விட்டது, அளவு குறைந்தது என்று குவாரி ஓரத்தில் குவிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மலை எது, கழிவுமேடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடங்கள் இருக்கின்றன. இந்த மேடுகளை ஜல்லியாக்கும் கிரஷர்கள் இப்போது பெருகியிருக்கின்றன. ஆற்றுமணல் அருகிப்போய், எம்-சாண்ட் என்று மாவாக அரைத்த பாறைக்குக் கிராக்கி வந்தபிறகு கர்நாடக எல்லையோரம் முழுக்க லாரி மயம். பெங்களூரு வளர்கிறது, அதற்கு ஜல்லி வேண்டும், இங்கே மலை இருக்கிறது. நடைச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டிய லாரிகளைப் பிடித்தார்கள் என்ற செய்தி மாவட்டப் பதிப்புகளில் சலிக்காமல் வருகிறது. அந்த லாரிகளை ஊரில் ‘டாரஸ்’ என்றே சொல்வார்கள். அது அசோக் லேலண்டின் ஒரு மாடல் பெயர். அந்த நிறுவனம் 1980-இலிருந்து ஓசூரில் ஆலை நடத்துகிறது. ஓசூர்த் தொழிலையும் கிருஷ்ணகிரி மலையையும் ஒன்றாகப் பார்க்க வேறெங்கும் போகவேண்டாம், சுங்கச்சாவடியில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

கனிமத்தை யார் எடுப்பது, அதற்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற வழக்கும் பழசுதான். பாரடைசோவுக்கு முன்னால் இந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்தது கறுப்பு கிரானைட். சாம்பல் பாறையைப் பிளந்துகொண்டு ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து எழும்பிய எரிகுழம்பு, கிழிசல் கிழிசலாக உறைந்து கருஞ்சுவர்களாக நிற்கிறது. டோலரைட் என்பார்கள். மெருகேற்றினால் முகம் பார்க்கலாம். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கல்லறைக் கல்லாக இதற்கு மதிப்பு. 1977 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, சிறுகனிம விதிகளில் 8-சி என்ற புதிய விதியைச் சேர்த்து, தனியாருக்குக் கறுப்பு கிரானைட் குத்தகை இல்லை, அரசும் அரசு நிறுவனமுமே எடுக்கலாம் என்றது. டாமின் என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு கனிம நிறுவனம் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். ஹிந்த் ஸ்டோன் என்ற நிறுவனமும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1981 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அரசின் பக்கம் நின்றது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு. 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம நிலங்களுக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. தமிழ்நாடு கையோடு சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வந்ததும் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜல்லி விலை ஏறியது, பேச்சு நடந்தது. இத்தனையிலும் கல் உடைக்கிறவரின் பெயர் ஒரு வரியிலும் வரவில்லை.

அவருடைய பெயர் ஓரளவு வந்த இடம் ஒன்று உண்டு. அதற்கு எல்லை தாண்டிக் கோலார் தங்க வயலுக்குப் போகவேண்டும். அங்கே தங்கம் தந்த கரும்பாறைப் பட்டை கர்நாடகத்தில் தொடங்கி, ஆந்திர ஓரத்தைத் தொட்டு, தெற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. பட்டை நீண்ட வழியே ஆட்களும் போனார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின், வட ஆற்காட்டிலிருந்தும், கிருஷ்ணகிரியை உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகப் போய்ச் சுரங்கத்தில் இறங்கின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். மனிதர் உயிரைப் பணயம் வைத்துத் தோண்டிய ஆழம் அங்கே மூன்று கிலோமீட்டர்தான். இங்கே இருபது கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வாசலில் கிடக்கிறது. ஏணி வேண்டாம், கூண்டு வேண்டாம். அதனாலேயே கிருஷ்ணகிரிக் குவாரியை யாரும் சுரங்கமாக நினைப்பதில்லை. சட்டப்படி அதுவும் சுரங்கம்தான். 2025 வரை நடப்பிலிருந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் குவாரித் தொழிலாளிக்கும் பொருந்தியது.

கோலாரில் தங்கத்தோடு இன்னொன்றும் கணக்கெடுக்கப்பட்டது. கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் தூளாகி மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறிக் கல்லாக இறுகும். சிலிக்கோசிஸ். இதற்கு மருந்து இல்லை, தூசியை நிறுத்துவது ஒன்றே வழி. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே கோலாரில்தான். 1940களில் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலானவர்களிடம் நோய் இருந்தது. கொடுமையான எண்ணிக்கை. ஆனால் எண்ணினார்கள். கம்பெனிக்கு ஆஸ்பத்திரி இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, பெயர்ப் பதிவேடு இருந்தது. எண்ணினால்தான் இழப்பீடு என்ற பேச்சாவது எழும்.

காவேரிப்பட்டினம் கல்லுக்குப் பெயர்போன ஊரில்லை. நிப்பட்டுக்கும் மாம்பழக் கூழுக்கும் பேர்போனது. பெயரில் காவிரியை வைத்துக்கொண்டு தென்பெண்ணைக் கரையில் உட்கார்ந்திருக்கிறது. 1767-இல் ஆங்கிலேயர் பிடித்து, ஹைதர் அலி திரும்பப் பிடித்த கோட்டை ஊர். மேலே 1957-இல் காமராஜர் திறந்துவைத்த கே.ஆர்.பி. அணை. அணைத் தண்ணீரால் கொஞ்சம் நெல், நிறையத் தென்னை. குவாரிகள் சுற்றுப்புறத்தில் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் இங்கிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடிகாலை மினி லாரிகளில் ஏறிப் போகிறார்கள். கடைத்தெரு டீக்கடையில் ஒருவரைச் சந்தித்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஜாக்ஹாமர் பிடித்தவர். இப்போது ஒரு மாம்பழக் குடோனுக்கு இரவுக் காவல்.

“ஏன் விட்டுட்டீங்க?” என்றேன்.

“மூச்சு வாங்குது சார். ஆஸ்பத்திரியில டி.பி.ன்னாங்க. ஆறு மாசம் மாத்திரை தின்னேன். கொறையல.”

துளை போடும்போது தண்ணீர் விடுவார்களா என்று கேட்டேன். ஒயர் சாவுக்கு விடுவார்கள், இல்லாவிட்டால் கம்பி கெட்டுவிடும் என்றார். ஜாக்ஹாமருக்கு? துண்டை மூக்கில் கட்டிக்கொள்வோம் என்று தோளில் கிடந்த துண்டைக் காட்டினார். கம்பியின் விலை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இவருக்கு டி.பி.தானா, சிலிக்கோசிஸா என்று சொல்ல நான் மருத்துவன் அல்ல. இரண்டும் ஒருசேர வருவதும் உண்டு, எக்ஸ்ரேயில் ஒன்றை மற்றொன்றாக நினைப்பதும் உண்டு. என்ன வேலை செய்தீர்கள், எத்தனை வருடம் செய்தீர்கள் என்ற கேள்வியை மருத்துவர் கேட்டாலொழியப் பிரித்தறிய வழியில்லை. தன்னிடம் அதை யாரும் கேட்கவில்லை என்றார். சட்டப்படி சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். டி.பி. என்று எழுதிவிட்டால் சுரங்கத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். குவாரி ஓசூர் எல்லையில், வீடு காவேரிப்பட்டினத்தில், கூலி மேஸ்திரி கையில், பதிவேட்டில் வேறு பெயர் என்று இருக்கும்போது பொறுப்பை யார் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பது?

குவாரிகளை மூடு என்று சொல்வது எளிது. நானும் வீட்டில் கிரானைட் மேடையில் காப்பி வைக்கிறவன், அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. இந்தத் தொழில் ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரியவைக்கிறது, மானாவாரிக் காடு பொய்த்த வருடங்களில் இன்னும் அதிகமாக. கேட்பது சின்ன விஷயம். 2015-இல் வந்த கனிமச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கனிமம் எடுக்கும் மாவட்டந்தோறும் மாவட்ட கனிம அறக்கட்டளை இருக்கிறது. கனிமம் எடுப்பதால் பாதிக்கப்படும் மக்களுக்காகக் குத்தகைதாரர்களிடம் வாங்கும் பணம் அது. முதலில் செலவிட வேண்டிய இனங்களில் சுகாதாரமும் ஒன்று. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பணம் ஒரு பக்கம், மருத்துவர்கள் ஒரு பக்கம். நடுவே ஓர் எக்ஸ்ரே வண்டியும், ஜாக்ஹாமர் பிடித்த, கிரஷரில் நின்ற ஒவ்வொருவரின் வேலை விவரத்தையும் எழுதிவைக்க ஒரு பதிவேடும் வேண்டும். ராஜஸ்தான் அரசு 2019-இல் இந்த நோய்க்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போகக் காரணமில்லை.

அறக்கட்டளைக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். மே 1, தொழிலாளர் தினத்தன்று, எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. குவாரி உள்ள ஊர்க்காரர்கள், குவாரிக்கு ஆள் அனுப்பும் ஊர்க்காரர்கள், அன்றைக்கு எக்ஸ்ரே வண்டியும் பதிவேடும் வேண்டும் என்று ஒரு தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆட்சியருக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.